நம்ம வயசுப் பிள்ளைகள் வாழும் நாவல்கள்



நூலகப் பாடவேளை வந்தால் எல்லோரும் மெல்லிசான புத்தகமாகப் பார்த்து எடுப்போம். "எந்த நாவல் படிக்கலாம்?" என்று கேட்டால், "நல்லா இருக்குறதா பார்த்து எடு" என்று பதில் வரும். எது நல்லா இருக்கும், யாருக்கு நல்லா இருக்கும் என்று யாரும் சொல்வதில்லை. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை. ஐந்து தற்கால நாவல்களைச் சொல்கிறேன். ஐந்திலும் ஒரே கேள்விதான் எனக்குத் தெரிந்தது: யாருக்குப் படிக்கக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை?

நாவல் என்றால் என்ன?

நாவலைத் தமிழில் புதினம் என்கிறோம். தமிழின் முதல் நாவல் மாயூரம் வேதநாயகம் பிள்ளை எழுதிய 'பிரதாப முதலியார் சரித்திரம்'. 1879-ல் வெளிவந்தது. இது எல்லோரும் தேர்வுக்குப் படித்ததுதான். ஆனால் நாவல் அதோடு நின்றுவிடவில்லை. நம் அப்பா அம்மா காலத்திலும் எழுதினார்கள், இன்றைக்கும் எழுதுகிறார்கள். ராஜா ராணி இல்லாமல், ஆடு மேய்ப்பவர், மீன் பிடிப்பவர், கூலி வேலை செய்பவர் எல்லோரும் அதில் வருகிறார்கள். அதாவது நம்ம ஊர் ஆட்கள்.

1. ஆதனின் பொம்மை – உதயசங்கர்

ஆறு, ஏழாம் வகுப்புத் தம்பி தங்கைகள் இதிலிருந்து தொடங்கலாம். கீழடியைப் பின்னணியாக வைத்துப் பிள்ளைகளுக்காகவே எழுதிய நாவல். 2023-ல் சாகித்ய அகாதெமியின் பால சாகித்ய புரஸ்கார் விருது பெற்றது. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் 'ஆதன்' என்ற பெயர் கீறப்பட்டிருக்கிறது. அங்கே கிடைத்த பொருட்களில் சில கி.மு. 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. யோசித்துப் பாருங்கள், அத்தனை காலத்துக்கு முன்பே ஒருவர் தன் பெயரைப் பானையில் எழுதத் தெரிந்திருக்கிறார்! இதை ஞாபகம் வைத்துக்கொண்டு அடுத்த நாவலுக்கு வாருங்கள்.

2. கூளமாதாரி – பெருமாள்முருகன்

2000-ல் வெளிவந்தது. ஐந்தில் ஒன்றுதான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள் என்று சொல்வேன்.

கொங்குப் பகுதியில் நடக்கும் கதை. கூளையன் அருந்ததியர் வீட்டுப் பையன். கூலி பேசி ஒரு கவுண்டர் பண்ணையத்தில் விட்டுவிடுகிறார்கள். அவன் வீட்டில் இருக்க முடியாது. பகலெல்லாம் ஆடு மேய்க்க வேண்டும், இரவில் காட்டிலேயே படுத்துப் பட்டிக்குக் காவல் இருக்க வேண்டும். அவனோடு மேய்க்க வரும் பிள்ளைகள் நெடும்பன், வவுறி, செவிடி, மொண்டி. கூளையன் என்றால் குள்ளமானவன். மற்றவர்கள் பெயரையும் பாருங்கள். உயரம், வயிறு, காது, கால் என்று உடம்பைப் பார்த்து வைத்த பெயர்கள். ஆதனுக்குப் பானையில் பெயர் இருந்தது. இந்தப் பிள்ளைகளின் பெயரைக் கூப்பிட ஒரு வருகைப் பதிவேடு கூட இல்லை.

பண்ணையக்காரர் மகன் செல்வன் பள்ளிக்கூடம் போகிறவன். இருவரும் கிட்டத்தட்ட ஒரே வயசு. இரவில் காட்டில் ஒன்றாக இருக்கும்போது சிநேகிதம், விடிந்தால் ஒருவன் முதலாளி, ஒருவன் ஆள். கூளையன் அழுது கொண்டே இருக்கும் பிள்ளை இல்லை. பனங்காடு, ஆடுகள், விளையாட்டு என்று சிரிக்கவும் செய்கிறான். அதனால்தான் படிக்கும்போது நமக்கு அதிகமாக வலிக்கிறது. முடிவைச் சொல்ல மாட்டேன்.

கொங்குப் பேச்சு முதல் இருபது பக்கம் கஷ்டமாக இருக்கும். புரியாத சொல்லுக்கு நிற்காமல் மேலே போங்கள், தானாகப் புரிந்துவிடும். இந்த நாவல் பெரிதாகத் தெரிந்தால், இதே ஆசிரியர் 2016-ல் எழுதிய 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை'யை முதலில் படிக்கலாம். வீட்டில் ஆடு வளர்ப்பவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

3. வெக்கை – பூமணி

1982-ல் வெளிவந்தது. 2019-ல் வந்த 'அசுரன்' படம் இந்த நாவலை வைத்து எடுத்ததுதான். படம் பார்த்தாச்சே, எதற்குப் படிக்கணும் என்று கேட்பீர்கள். படம் வேறு, நாவல் வேறு. நாவலில் சிதம்பரத்துக்கு வயது 15. நம்ம பத்தாம் வகுப்பு அண்ணன்கள் வயசு. அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு ஓடுகிறான். பிறகு அப்பாவும் அவனும் காடு மலை என்று ஒளிந்து திரிகிறார்கள். சண்டை கொஞ்சம்தான். எங்கே படுப்பது, எதைச் சமைப்பது, அம்மா எப்படி இருப்பாள் என்பதுதான் நிறைய.

இதைப் படித்தால் பையன்கள் கெட்டுப் போக மாட்டார்களா என்று பெரியவர்கள் கேட்கலாம். அரிவாளைத் தூக்கினால் வீரம் என்று நாவல் காட்டவில்லை. ஒரு பையனை அரிவாள் தூக்கும் இடத்துக்குக் கொண்டு வந்து விட்டது எது, அதற்குப் பிறகு ஒரு குடும்பமே எப்படிச் சிதறுகிறது என்று காட்டுகிறது. பள்ளிப் பை தூக்க வேண்டிய வயசு அது.

4. ஒரு கடலோர கிராமத்தின் கதை – தோப்பில் முஹம்மது மீரான்

1988-ல் புத்தகமாக வந்தது. ஆசிரியர் கன்னியாகுமரி மாவட்டம் தேங்காய்ப்பட்டணத்தைச் சேர்ந்தவர். கடலோர முஸ்லிம் கிராமம் ஒன்றில் ஒரு முதலாளி வைத்ததுதான் சட்டம். அங்கே இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வருகிறது என்றதும் எதிர்ப்பு கிளம்புகிறது. ஊர் பிள்ளைகள் எழுத்து படித்துவிட்டால் யாருக்குப் பயம் என்று யோசித்துக்கொண்டே படியுங்கள்.

5. பழையன கழிதலும் – ப. சிவகாமி

1989-ல் வெளிவந்தது. ஒன்பது, பத்தாம் வகுப்புத் தோழிகளுக்கு இது. கௌரியின் அப்பா காத்தமுத்து ஊரில் பெரிய தலைவர். தன் மக்களுக்காக யாரையும் எதிர்த்துப் பேசுவார். ஆனால் வீட்டுக்குள் பெண்கள் வாயைத் திறக்க முடியாது. கௌரி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே, தான் படித்து மேலே வர வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். வெளியே நியாயம் பேசுகிறவர் வீட்டிலும் பேசணும் இல்லையா? இதுதான் கௌரியின் கேள்வி. சில பகுதிகள் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். தமிழ் ஐயாவிடமோ டீச்சரிடமோ கேட்டுக்கொண்டு படிப்பது நல்லது.

தெரிந்து கொள்வோம்

* கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்த ஆண்டு 1976.
* கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 6 முதல் 14 வயது வரை கட்டாய இலவசக் கல்வி.
* 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களை வேலைக்கு வைப்பதே குற்றம் என்று 2016-ல் சட்டம் திருத்தப்பட்டது. குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவி செய்வதற்கு விலக்கு உண்டு.

இதில் 14 என்ற எண்ணைக் கவனியுங்கள். ஒன்பதாம் வகுப்பில் நாங்கள் பலரும் அந்த வயசுதான். கட்டாயம் படிக்க வைக்கணும் என்கிற சட்டம் எங்கள் வாசலோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் நம்மைப் படிக்க வைப்பது வீட்டார் மனசும், டீச்சர்கள் சொல்லும், நம்ம பிடிவாதமும்தான். "பொம்பளப் பிள்ளைக்குப் பத்தாவது போதும்", "மில்லு வேலைக்குப் போனா நாலு காசு வரும்" என்ற பேச்சு வரும் வயசும் இதுதான். கூளையனையும் கௌரியையும் தெரிந்த பிள்ளைக்கு அந்தப் பேச்சுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியும். கதைப் புத்தகம் படித்தால் மார்க் குறையும் என்பார்கள். எதற்காகப் படிக்கிறோம் என்று தெரிந்தால் மார்க் எப்படிக் குறையும்?

நாவலை மற்றவருக்குச் சொல்வது எப்படி?

1. முடிவைச் சொல்லாதே. தொடக்கத்தை மட்டும் சொல்.
2. "சூப்பரா இருக்கு" என்று நிறுத்தாதே. எந்த இடம் பிடித்தது, ஏன் பிடித்தது என்று சொல்.
3. எந்த வகுப்புக்கு ஏற்றது என்று சொல்.
4. எங்கே கஷ்டமாக இருக்கும் என்பதை மறைக்காதே. தெரிந்தால் பாதியில் மூடி வைக்க மாட்டார்கள்.
5. படித்ததும் புத்தகத்தைத் திருப்பிக் கொடு. அடுத்தவர் காத்திருப்பார்.

நம் பள்ளி நூலகத்தில் கிடைக்காததை ஊர்ப்புற நூலகத்திலோ கிளை நூலகத்திலோ கேட்டுப் பாருங்கள்.

சிந்திக்க:

* கூளையன் நம் வகுப்பில் சேர்ந்தால் அவனை எந்தப் பெயரில் கூப்பிடுவோம்?
* நம் வகுப்பில் யாராவது நிறைய நாள் வரவில்லை என்றால், ஏன் என்று கேட்டோமா?

பதிலை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அடுத்த இதழில் இதே சுவரில் ஒட்டுவோம்.

வாசிப்போம்! வகுப்பை விட்டு யாரும் போகாமல் பார்ப்போம்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி