நாற்று நட்டதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

குறுவைக்கு நாற்று நட்டிருக்கிறோம். ஆங்கில விண்ணப்பத்தில் 'பிளான்ட்' என்று எழுதினேன். என் மகள் 'டிரான்ஸ்பிளான்ட்' என்று திருத்துகிறாள். அது சிறுநீரக மாற்றுக்குச் சொல்வதல்லவா?
— ஒரு வாசகர், ஒரத்தநாடு

மகள் திருத்தியதே பொருத்தம், ஐயா. அப்படியே எழுதுங்கள்.

'பிளான்ட்' என்றால் பொதுவாக நடுவது. தென்னங்கன்றுக்கு அது போதும். நெல் நாற்றோ நாற்றங்காலில் முளைத்து, ஏறக்குறைய 20 நாள் வளர்ந்து, பறிக்கப்பட்டு, சேற்று வயலில் மறுபடி வேர் பிடிக்கிறது. இந்த இடமாற்றத்தையே 'டிரான்ஸ்பிளான்ட்' குறிக்கிறது. லத்தீனில் 'டிரான்ஸ்' என்றால் அப்பால். 'பிளாண்டாரே' என்றால் நடுதல். 15ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் செடிகளுக்கு வழங்கிய வினை இது. மருத்துவர்கள் இதை எடுத்துக்கொண்டது 18ஆம் நூற்றாண்டில்தான். ஆக, சொல் வயலிலிருந்துதான் மருத்துவமனைக்குப் போயிருக்கிறது.

நட்டு முடித்துவிட்டதால் 'வி டிரான்ஸ்பிளான்டட் தி சீட்லிங்ஸ்' என்று இறந்தகாலத்தில் எழுதுங்கள். பேசும்போது, வினையாக வந்தால் 'பிளான்ட்' பகுதியை அழுத்துங்கள். பெயர்ச்சொல்லானால் 'டிரான்ஸ்' பகுதியை.

நேரடி விதைப்பு செய்த வயலுக்கு மட்டும் இந்தச் சொல் ஆகாது. அதற்கு 'டைரக்ட் சீடட்'. 1922இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் உட்பட, வேளாண் துறையினர் இரண்டையும் தனித்தனி சாகுபடி முறைகளாகவே கொள்கிறார்கள். எந்த முறை என்பதோடு நட்ட தேதியையும் சேர்த்து எழுதிவிடுங்கள். படிப்பவருக்குப் பயிரின் வயது உடனே விளங்கும்.