கண்மாய்க் கரையில் எப்போது ஏறலாம்?

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடியாக வேண்டும். பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிக்குள். அக்னிவீர் ஆள்சேர்ப்பில் 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால்தான் ஓட்டத்துக்குரிய 60 மதிப்பெண்ணும் முழுதாகக் கிடைக்கும். எல்லாமே சமதள ஓட்டம். அப்படியிருக்க, ஓடத் தொடங்கிய முதல் வாரமே கண்மாய்க் கரையில் ஏறி இறங்கும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

மேடே வேண்டாம் என்று சொல்லவில்லை. காலுக்கு உரமேற்ற அதைவிட நல்ல பயிற்சி குறைவு. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் தட்டையான கரிசல் பூமி. நமக்குக் கண்மாய்க் கரைதான் மலை. அது போதும். ஆனால் நாள் பார்த்து ஏற வேண்டும்.

முதல் ஆறிலிருந்து எட்டு வாரம் கிரவுண்டில் ஓடுங்கள், வாரம் மூன்று நான்கு நாள். கூட ஓடுபவரோடு பேசிக்கொண்டே, நிற்காமல் 30 நிமிடம் ஓட முடிகிறதா? மறுநாள் காலையில் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி இல்லாமல் இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் கரைக்குப் போகலாம். மூச்சு சில வாரத்திலேயே பழகிவிடும். எலும்பும் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணும் பழக மாதக்கணக்கில் ஆகும். மூச்சை நம்பி மேட்டில் ஏறுகிறவர்கள்தான் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள்.

நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் தேர்ந்த வீரர்களையே பல வாரம் நெடுந்தூரம் ஓடவிட்ட பிறகுதான் மேட்டுப் பயிற்சியைத் தனியாகத் தொடங்குவார். அவருடைய மாணவர் பீட்டர் ஸ்னெல் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 800, 1,500 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார்.

வாரம் ஒரே நாள்தான் மேடு. பத்து நிமிடம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்கிவிட்டு, கரையில் வண்டி ஏறும் சரிவைத் தேர்ந்துகொள்ளுங்கள். பத்துப் பதினைந்து விநாடி ஓட்டம், நான்கு தடவை. வாரத்துக்கு ஒன்றாகக் கூட்டி எட்டில் நிறுத்துங்கள். காலடியைக் குறுக்கி வையுங்கள், இடுப்பை மடக்காதீர்கள். இறங்கும்போது கட்டாயம் நடந்துதான் இறங்க வேண்டும். ஓடி இறங்கினால் தொடைத் தசை இழுபட்டுக்கொண்டே உடம்பின் எடையைத் தாங்குகிறது. அந்த வலி அன்றைக்குத் தெரியாது. இரண்டாம் நாள் மாடிப்படி இறங்கும்போது தெரியும்.

கரையெல்லாம் சீமைக்கருவேல முள். மெல்லிய கான்வாஸ் ஷூவைத் துளைத்துவிடும். நன்றாக வெளிச்சம் வந்தபின் ஏறுங்கள், துணையோடு போங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரிசல் மண் அப்பிக் கால் வழுக்கும், அந்த வாரம் மேட்டை விட்டுவிடலாம். அதற்குப் பதில் மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலையின் மேம்பாலத்துக்குப் போகாதீர்கள். லாரிக்காரர் கண்ணுக்கு இருட்டில் நீங்கள் தெரியமாட்டீர்கள்.

வனக்காப்பாளர் பணிக்குப் போகிறவர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே நடைத் தேர்வு: நான்கு மணி நேரத்தில் ஆண்களுக்கு 25 கிலோமீட்டர், பெண்களுக்கு 16. கரைமேல் நடப்பதை அவர்கள் முதல் வாரத்திலேயே தொடங்கலாம்.

பிசிக்கலுக்குப் பத்து நாள் முன்பே மேட்டை நிறுத்திவிடுங்கள். இப்போதுதான் ஓடத் தொடங்குகிறீர்கள், கைவசம் ஒரே மாதம்தான் என்றால் கரைப் பக்கமே போக வேண்டாம். உங்களுக்குக் கிரவுண்டு மட்டும்தான்.