விட்டு விட்டு ஒலிக்கும் கணினி

கணினியில் ஒலி முற்றிலும் நின்றுவிட்டால் காரணத்தைக் கண்டறிவது ஓரளவு எளிது. சிறிது நேரம் தெளிவாகக் கேட்டு, இடையில் அறுபட்டு, மீண்டும் தானே சீராகும் ஒலியே கடினமான பழுதாகும். தானே சீரானதைக் கடைசியாகச் செய்த செயலின் பயன் என மனம் நம்பிவிடும். உண்மைக் காரணமோ மறைந்தே இருக்கும்.

கணினி ஒலியை எண்களாகச் சேமிக்கிறது. குறுந்தகட்டு இசையில் ஒவ்வோர் ஒலித்தடத்திற்கும் நொடிக்கு 44,100 அளவீடுகள் உள்ளன. இவை சிறு தொகுதிகளாகத் தற்காலிக நினைவிடம் ஒன்றில் நிரப்பப்பட்டு, அங்கிருந்து ஒலியாக வெளிவருகின்றன. வீட்டின் மாடித் தொட்டியில் நீர் உள்ளவரை குழாயில் நீர் சீராக வரும். தொட்டியை நிரப்பத் தாமதமானால் குழாய் நின்றுவிடும். அவ்வாறே, பல செயலிகள் ஒருங்கே இயங்கிக் கணினியின் வேலை மிகும்போது நினைவிடம் உரிய நேரத்தில் நிரம்பாது. அப்போது ஒலி அறுபடும், கரகரப்பும் எழும்.

வேறு காரணங்களும் உண்டு. ஹெட்போனின் கம்பி உள்ளே அறுந்திருந்தால், அதை அசைக்கும்போதெல்லாம் ஒலி மாறும். புளூடூத் ஹெட்போனும் பல வைஃபை கருவிகளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பயன்படுத்துவதால் ஒன்றுக்கொன்று இடையூறு நேரலாம்.

தில்லியில் வாழும் மாணவி ஒருத்தி, மதுரையில் உள்ள பாட்டியுடன் காணொளி அழைப்பில் பேசுகிறாள். “மாத்திரை சாப்பிடவில்லை” என்று பாட்டி கூறுகிறார். “மாத்திரை சாப்பிட” என்பது மட்டும் அவள் செவியில் விழுகிறது. தமிழில் எதிர்மறைப் பொருள் பெரும்பாலும் வினையின் இறுதியில் வருவதால், ஒரு நொடி ஒலி அறுபட்டாலும் பொருள் தலைகீழாகிவிடும். பழுதை அறிந்து களைவது அதனால் இன்றியமையாததாகிறது.

அவள் முதலில் கணினியில் சேமித்த பாடலை அதே ஹெட்போனில் கேட்க வேண்டும். பாடல் பலமுறை சீராக ஒலித்தால், பழுது பெரும்பாலும் இணைய இணைப்பில் உள்ளது. பாடலும் அறுபட்டால், ஹெட்போனைக் கைப்பேசியில் இணைத்துப் பார்க்க வேண்டும். அங்கும் அறுபட்டால் பழுது ஹெட்போனில் உள்ளது. அங்குச் சீராக ஒலித்தால் கணினியை ஆராய வேண்டும்: பிற செயலிகளை மூடுதல், கணினியை மறுதொடக்கம் செய்தல், ஒலிக்குரிய இயக்கி மென்பொருளைப் புதுப்பித்தல் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கலாம்.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் என்பது இங்கு விதி. இரண்டை ஒருங்கே மாற்றினால், எது பயன் தந்தது என்பது விளங்காது. ஒலி அறுபட்ட நேரம், அப்போது இயங்கிய செயலிகள், செய்த மாற்றம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தல் நன்று. மாற்றியதை இயன்றவரை பழைய நிலைக்குக் கொண்டுவந்து பார்க்கும்போது பழுதும் திரும்பினால், காரணம் உறுதியாகிவிடும்.

சொற்பொருள்
பழுது – குறை, கோளாறு
இடையூறு – தடை
களைதல் – நீக்குதல்
இன்றியமையாதது – மிகத் தேவையானது

பயிற்சி
1. விட்டு விட்டு வரும் பழுதைக் கண்டறிவது ஏன் கடினம்?
2. மாடித் தொட்டி எதற்கு உவமையாகக் கூறப்பட்டுள்ளது?
3. ஒரு நேரத்தில் ஒரே மாற்றத்தைச் செய்ய வேண்டியது ஏன்?
4. எதிர்மறையாக மாற்றுக: கேட்டது, வந்தாள், ஒலித்தது.
(எ.கா.: சாப்பிட்டார் – சாப்பிடவில்லை)