பைல் உங்கள் கையில் இருக்கிறதா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்பது, "கடிதம் டைப் செய்ய எந்த சாப்ட்வேர் நல்லது?" என்பதுதான். தென்காசிக்காரனான நான், ஊர்ப் பெருமைக்காகவே ஸோஹோ ரைட்டரைப் பயன்படுத்தத் தொடங்கினேன். அந்நிறுவனம் 2011ல் அருகிலுள்ள மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. 2005ல் அறிமுகமான ரைட்டர், பிரவுசரிலேயே இயங்கும், தனிநபருக்கு இலவசம்.

ஒரு சாரல் சீசனில் மின்சாரம் போனது. இணைய இணைப்பும் நின்றது. லேப்டாப்பில் சார்ஜ் இருந்தது. ஆனால் மகளின் வேலை விண்ணப்பமோ எங்கோ உள்ள சர்வரில்! அன்றுதான் கடைசி நாள். பைக்கில் குற்றாலம் ஓடி, ஒரு பிரவுசிங் சென்டரில் திறந்து அனுப்பினோம். தவறு சாப்ட்வேரில் இல்லை. காப்பி எடுத்து வைக்காதது என் தவறு.

எனவே எந்த ஆன்லைன் புரோகிராமானாலும் இதைச் செய்திடுங்கள். வேலை முடிந்ததும் பைல் மெனுவில் டவுன்லோட் பிரிவுக்குச் சென்று, வேர்ட் பைலாக ஹார்ட் டிஸ்க்கில் இறக்குங்கள். அதனை இலவச லிப்ரே ஆபீஸிலும் இணையம் இன்றித் திறக்கலாம். பென் டிரைவில் இன்னொரு காப்பி வையுங்கள். சாப்ட்வேர் யாருடையதாகவும் இருக்கட்டும்; பைல் உங்களுடையதாக இருக்கட்டும்.