வேப்பங்கொட்டையும் கிணற்றடித் தொட்டியும்

அன்புள்ள பேத்திக்கு,

கிணற்றடித் தொட்டியில் நெளியும் நுளம்புக் குடம்பிகளை வேப்பங்கொட்டைச் சாற்றால் அழிக்கலாமா என்று கேட்டிருந்தாய். அழிக்கலாம். ஆனால் எந்தத் தண்ணீரில், எப்படி என்று தெரிந்துகொண்டு செய்.

குடம்பி நான்கு முறை தோல் கழற்றித்தான் கூட்டுப்புழுவாகும். வேப்பம் பருப்பிலுள்ள அசாடிரக்டின் அதற்கான ஓமோனைக் குழப்பிவிடும். தோல் கழற்ற முடியாத குடம்பி வளராமல் சாகும். ஆகவே சாறு விட்ட மறுநாளே பலனைத் தேடாதே.

நீயே சோதித்துப் பார். தோட்டக்காரர் பயிருக்குத் தெளிக்கச் செய்வதுபோல, 50 கிராம் பருப்பை இடித்து ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து வடித்தெடு. இரண்டு போத்தல்களில் தொட்டித் தண்ணீரும் பத்துப் பத்துக் குடம்பிகளும் விடு. ஒன்றில் மட்டும் சாறு சேர். வாயை நுளம்புவலைத் துணியால் கட்டி, நாள்தோறும் எண்ணிக் கொப்பியில் எழுது. சாறில்லாத போத்தலிலும் அதேயளவு செத்தால், வேம்பு கொன்றதென்று சொல்ல முடியாது.

பலன் கண்டாலும், குடிக்கிற, சமைக்கிற தண்ணீரில் சாறு விடாதே. எவ்வளவு விட்டால் உடம்புக்குத் தீங்கில்லை என்று வீட்டில் அளக்க வழியில்லை. வெயிலில் அதன் வீரியமும் சில நாளில் போய்விடும். பூங்கன்றுக்கு ஊற்றச் சேர்த்துவைத்த தண்ணீருக்கே அது பொருந்தும்.

கிணற்றில் குடம்பிகளைத் தின்னக் கப்பி மீன் விடுவது நல்லது. கிணற்றையும் கவனிக்கக் காரணம் இருக்கிறது. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அந்த ஆண்டு முடியுமுன்னரே மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி நுளம்பு மன்னாரில் கண்டறியப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணத்துக்கும் வந்துவிட்டது. கிணற்றுத் தண்ணீரிலும் அது பெருகும்.

டெங்கு நுளம்போ நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, தொட்டிச் சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். சாறு அதைத் தொடாது, பொச்சுமட்டை தொடும். முட்டை நுளம்பாக ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதனால்தான் வாரம் ஒருமுறை தொட்டியை வெறுமையாக்கிச் சுவரைத் தேய்க்கச் சொல்கிறார்கள். கழுவியபின் இறுக மூடிவை. வளவில் கிடக்கும் சிரட்டை, ரயர், யோகட் கோப்பைகளையும் பொறுக்கு.

மாரி தொடங்கப்போகிறது, பிள்ளை. சோதனையை விரும்பிய நாளில் செய். தொட்டியை இந்த ஞாயிற்றுக்கிழமையே தேய்த்துவிடு.

அன்புடன்,
அம்மப்பா