கூடைப்பந்து பிறந்த சங்கம்

கேள்வி: ஒய்.எம்.சி.ஏ. பைபிள் வகுப்புக்காகத் தொடங்கிய சங்கம்தானே? அங்கே விளையாட்டு எப்படி வந்தது? குடும்பங்களுக்கு அதனால் என்ன பயன்?

பதில்: பிரார்த்தனையில் தொடங்கியதுதான். 1844இல் லண்டன் துணிக்கடை ஊழியர் ஜார்ஜ் வில்லியம்ஸ், வேலை முடிந்து போக நல்ல இடமில்லாமல் திரிந்த இளைஞர்களுக்காகச் சில நண்பர்களோடு ஆரம்பித்தார். அமெரிக்காவில்தான் விளையாட்டு அதன் உயிரானது. 1891 டிசம்பரில், ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் குளிருக்கு அடைந்து கிடந்த மாணவர்களுக்காக, ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இரண்டு பழக்கூடைகளை மாட்டிக் கூடைப்பந்தை உருவாக்கினார். அந்த ஓட்டம் தாங்காத பெரியவர்களுக்காக 1895இல் இன்னொரு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சியாளர் வில்லியம் மார்கன் கைப்பந்தைக் கண்டுபிடித்தார். யாரும் ஒதுங்கி நிற்கக் கூடாது என்ற இந்த அக்கறையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் உடற்கல்விப் பள்ளி தொடங்கினார். அதுவே இன்றைய நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி.

இன்று அமெரிக்கக் கிளைகள் பலவற்றில், பள்ளி விட்டதும் பெற்றோர் வேலையிலிருந்து திரும்பும்வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். வீட்டுப்பாடம் சொல்லித்தருகிறார்கள், நீச்சல் பழக்குகிறார்கள். வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டணத்தைக் குறைக்கிறார்கள். எந்த மதத்தவரும் சேரலாம்.