கடுங்குளிரிலும் கடுவெப்பத்திலும் மோட்டார் வண்டி

மோட்டார் வண்டியை ஓட்டுவார் பலர். அஃது ஓடுவதற்குரிய காரணத்தை உசாவுவார் சிலரே. நம் ஊர்களில் விடியற்காலையிற் சாவியைத் திருப்பிய அளவில் என்ஜின் இயங்கத் தொடங்கிவிடுகின்றது. ஆதலின், அஃது இயங்காமற் போதலுங் கூடும் என்னும் எண்ணமே நமக்கு எழுவதில்லை. ஆனால், நம் கல்லூரிகளிற் பயின்று வெளியேறுவோருட் பலர் இன்று கனடாவின் பனிநிலங்களிலும் அரேபிய நாடுகளின் மணல்வெளிகளிலும் வாழ்ந்து வருகின்றனர். அவர்க்கு இஃது ஏட்டுச் செய்தி மட்டுமன்று. சிற்சில வேளைகளில் உயிரைக் காக்குஞ் செய்தியுமாகும். ஆகவே, மிக்க குளிரும் மிக்க வெப்பமும் வண்டியை எவ்வாறு தாக்குகின்றன, அத்தாக்குதலை எவ்வாறு தடுப்பது என்பவற்றை மாணவர்க்கு விளங்குமாறு சுருக்கமாக ஆராய்வோம். இக்கட்டுரையிற் கூறப்படும் பாகைகள் யாவும் செல்ஸியஸ் அளவின.

1. அடிப்படை

மோட்டார் என்ஜின் ஒரு வெப்பயந்திரம். பெட்ரோலின் ஆவி காற்றோடு கலந்து சிலிண்டரினுள் எரிகின்றது. அதனால் விரிந்த வாயு பிஸ்டனைத் தள்ளுகின்றது. அத்தள்ளுதலே சக்கரத்தின் சுழற்சியாக மாறுகின்றது. எரிபொருளிற் பிறக்கும் சக்தியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையே வண்டியை இழுக்கப் பயன்படும். எஞ்சியதிற் பெரும்பகுதி புகையோடும், என்ஜினைச் சூழ்ந்தோடும் நீரோடும் வெப்பமாகவே கழிந்துபோகும்.

இவ்வொன்றை மனத்திற் கொண்டால் இனி வருவன யாவும் எளிதில் விளங்கும். குளிர் நாட்டில், என்ஜினைத் தொடங்குதற்கு வேண்டிய சிறு வெப்பம் கிடைப்பதில்லை. வெப்ப நாட்டிலோ, கழிக்க வேண்டிய பெருவெப்பம் கழிவதில்லை. இவ்விரண்டே வண்டிக்கு நேரும் இடர்களுட் பெரும்பாலனவற்றிற்கு மூலம்.

2. குளிர் செய்யும் கேடு

சைபீரியாவிலுள்ள யாகூட்ஸ்க் நகரத்தை எடுத்துக்கொள்வோம். 1632ஆம் ஆண்டில் தோன்றிய இந்நகரில் இன்று மூன்று இலட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் வாழ்கின்றனர். ஜனவரி மாதத்தின் சராசரிக் குளிரே உறைநிலைக்குக் கீழ் 35 பாகையினும் மிகுதி. இதற்குக் கிழக்கேயுள்ள ஒய்மியாகோன் என்னும் சிற்றூரில் 1933ஆம் ஆண்டு உறைநிலைக்குக் கீழ் 67.7 பாகை பதிவாயிற்று. இப்பகுதியிற் குளிர்காலத்தில் லேனா நதி உறைந்து, அதன் மீதே லாரிகள் செல்லும். இத்தகைய குளிரில் இரவு முழுவதும் வெளியே நின்ற வண்டியைக் காலையில் தொடங்க முயன்றால் மூன்று தடைகள் எதிர்ப்படும்.

முதல் தடை பாட்டரி. ஈயத் தகடுகளும் கந்தகத் திராவகமுங் கொண்ட பாட்டரியை 1859ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் பிளாண்டே என்பார் கண்டறிந்தார். மின்சாரம் அதனுள் நிகழும் இரசாயன மாற்றத்தாற் பிறப்பது. குளிரில் அம்மாற்றம் மந்தமாகிவிடும். உறைநிலைக்குக் கீழ் 18 பாகையில், பாட்டரியின் ஆற்றல் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிடுகின்றது. மேலும், முழுதும் ஊட்டம் பெற்ற பாட்டரியின் திராவகம் மிகக் கொடிய குளிரிலும் எளிதில் உறையாது. ஊட்டம் இழந்ததோ தண்ணீரின் தன்மையை நெருங்குதலின், உறைநிலைக்குச் சிறிது கீழேயே உறைந்து வெடிப்புறும். உறைந்த பாட்டரிக்குப் பிற வண்டியினின்று மின்சாரம் ஊட்ட முயல்வது பெரும் அபாயம்.

இரண்டாம் தடை எண்ணெய். வெயிலிலே தேன் நீர்போல ஓடுவதையும், பனிக்காலத்தில் தடித்து நிற்பதையும் அறிவோம். என்ஜினில் ஊற்றும் மசகெண்ணெயும் அவ்வாறே தடிக்கும். ஆற்றல் குன்றிய பாட்டரி, மிகுதியாகத் தடித்த எண்ணெயிற் சிக்கிய என்ஜினைச் சுழற்ற வேண்டியுளது. தளர்ந்த மாட்டின்மேல் இரட்டைப் பாரம் ஏற்றியது போலாகும். இதனை நீக்கவே குளிர் நாட்டு எண்ணெய் தனியாக ஆக்கப்படுகின்றது. எண்ணெய்க் கலத்தின்மேல் ‘5டபிள்யூ-30’ என்றவாறு பொறித்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். அவ்வெழுத்துக் குளிர்காலத்தைக் குறிப்பது. அதற்கு முன்னுள்ள எண் சிறிதாக ஆக, எண்ணெய் குளிரில் இளகி நிற்கும் தன்மை மிகும். அவ்வெண் 15 ஆயின் உறைநிலைக்குக் கீழ் 20 பாகையிலும், 0 ஆயின் 35 பாகையிலும் என்ஜினைச் சுழற்ற இடந்தருகின்றதா எனச் சோதித்தே அப்பெயர் இடப்படுகின்றது.

மூன்றாம் தடை எரிபொருள். எரிவது பெட்ரோல் என்னும் திரவமன்று, அதன் ஆவியே. கடுங்குளிரிற் போதிய ஆவி எழாது. ஆதலின், தொடக்கத்தில் மட்டும் மிகுதியான பெட்ரோலைச் செலுத்த வேண்டும். பழைய வண்டிகளிற் சாரதி ‘சோக்’ என்னும் பிடியை இழுத்துக் காற்றைக் குறைத்து இதனைச் செய்தான். இக்காலத்து வண்டியில் ஒரு சிறு கணிப்பொறி குளிரை அளந்து தானே செய்துவிடுகின்றது. டீசலின் இடர் வேறு வகையானது. அதனுள் கரைந்துள்ள மெழுகு குளிரிற் படிந்து வடிகட்டியை அடைத்துவிடும். நம் தேசத்து லடாக்கிலேயே இவ்விடர் உண்டு. ஆதலின், உறைநிலைக்குக் கீழ் 33 பாகை வரையும் ஓடுந்தன்மை கெடாத குளிர்கால டீசல் 2019ஆம் ஆண்டு முதல் அங்கே விற்கப்பட்டு வருகின்றது.

இம்மூன்றோடு நீரின் இயல்பையும் கருதவேண்டும். நீர் உறையும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு விரிகின்றது. என்ஜினைச் சூழ்ந்த நீர் உறைந்தால் இரும்பும் பிளக்கும். ஆதலின், எதிலீன் கிளைக்கால் என்னும் திரவத்தை நீரோடு கலப்பர். சம பாகமாகக் கலந்தது உறைநிலைக்குக் கீழ் ஏறக்குறைய 37 பாகை வரை உறையாது. ‘அங்ஙனமாயின் நீரை நீக்கி, அதனையே தனித்து ஊற்றலாமே’ எனின், ஆகாது. தனிக்கிளைக்கால் உறைநிலைக்குக் கீழ் 13 பாகை அளவிலேயே உறைந்துவிடும். கலவையே வலிது, தனித்தது மெலிது. இத்திரவம் இனிப்புடையது, ஆனாற் கொடிய நஞ்சு. குழந்தைகளும் வீட்டு விலங்குகளும் அணுகாதவாறு வைத்தல் வேண்டும்.

3. குளிரில் தொடங்கும் முறை

முற்காலத்தில் என்ஜினை இரும்புக் கைப்பிடியாற் சுழற்றித் தொடங்கினர். அது திடீரென எதிர்த்துச் சுழன்று கைமுறிந்தோர் பலர். அமெரிக்கரான கெட்டரிங் என்பார் ஆக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டுக்குரிய காடிலாக் வண்டிகளில் இடம்பெற்ற பின்னரே அவ்வருத்தம் நீங்கத் தொடங்கிற்று. இன்று சாரதி செய்யத்தக்கன இவை:

முதலாவது, விளக்கு, விசிறி, வானொலி முதலியவற்றை நிறுத்துக; பாட்டரியின் ஆற்றல் முழுதும் ஸ்டார்ட்டருக்கே ஆகுக. இரண்டாவது, கையாற் கியர் மாற்றும் வண்டியாயின் கிளச்சை மிதித்துக்கொள்க. கியர்ப்பெட்டியிலுள்ள தடித்த எண்ணெயையும் சேர்த்துச் சுழற்றும் பாரம் நீங்கும். மூன்றாவது, ஸ்டார்ட்டரைச் சில விநாடிகளுக்கு மேல் ஓட்டாது நிறுத்தி, சற்று இடைவெளி விட்டு மீண்டும் முயல்க. நான்காவது, என்ஜின் இயங்கியதும் உறுமவிடாதீர். எண்ணெய் எல்லா உறுப்புகளையும் அடையுமுன் விரைந்து சுழலின் தேய்வு மிகும். சிறிது பொறுத்து, மெல்ல ஓட்டிச் செல்வதே என்ஜினைச் சூடாக்கும் நல்வழி.

ஆயினும், காலையிற் படும் பாட்டைக் காட்டிலும் மாலையில் எடுக்கும் முன்னேற்பாடே சிறந்தது. கனடாவின் சமவெளி நகரங்களில் என்ஜினுள் ஒரு சிறு மின்னடுப்பைப் பொருத்தி, இரவில் அதனை வீட்டு மின்சாரத்தோடு இணைத்துவிடுவர். யாகூட்ஸ்க் மக்கள் என்ஜினைக் கம்பளத்தாற் போர்த்துகின்றனர். சன்னற் கண்ணாடியை இரட்டையாக ஒட்டிக்கொள்கின்றனர். வெளியே நிறுத்தின் என்ஜினை அணைக்காமலே விட்டுச் செல்வாரும் உளர்.

மின்சார வண்டிக்கு எண்ணெயும் பெட்ரோலும் இல்லையே எனின், அதற்கும் பாட்டரி உண்டு. உறைநிலைக்குக் கீழ் லித்தியப் பாட்டரியை விரைந்து ஊட்டினால் லித்தியம் உலோகமாகப் படிந்து அதனைக் கெடுக்கும். ஆதலின், வண்டி முதலிற் பாட்டரியைச் சூடாக்கிக்கொள்கின்றது. புறப்படுமுன், மின்னிணைப்பு இருக்கும்போதே வண்டியைச் சூடேற்றிக்கொள்வார்க்குச் செல்லுந் தூரம் குறைவது தணியும்.

4. வெப்பம் செய்யும் கேடு

இனி, மறுகோடிக்குச் செல்வோம். கலிபோர்னியாவிலுள்ள மரணப் பள்ளத்தாக்கில் 1913ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் 56.7 பாகை பதிவாயிற்று. கடல்மட்டத்திற்கும் தாழ்ந்த அப்பள்ளத்தினின்று மேற்கே செல்லும் பாதை ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரமுள்ள கணவாய்க்கு ஏறுகின்றது. காற்றின் குளிர்சாதனத்தை நிறுத்தி ஏறுமாறு அறிவுறுத்தும் பலகைகளை அம்மலைப்பாதைகளிற் காணலாம். காரணம் யாது? குளிர்சாதனம் வண்டியினுள்ளிருந்து எடுத்த வெப்பத்தை ரேடியேட்டரின் முன்னேதான் கொட்டுகின்றது. அதனை இயக்க என்ஜினும் மிகுதியாக உழைக்க வேண்டியுளது.

வெப்பங்காட்டும் முள் சிவப்பை நோக்கி ஏறுமாயின், குளிர்சாதனத்தை நிறுத்தி, சன்னலைத் திறந்து, வண்டியைச் சூடாக்கும் ஹீட்டரை முழுவதும் திறந்துவிடுக. இது முரணாகத் தோன்றும். ஆனால் ஹீட்டர் என்பது மற்றொரு சிறு ரேடியேட்டரே. சாரதிக்கு வியர்க்கும், என்ஜின் பிழைக்கும். ஆவி எழக் காணின், பத்திரமான இடத்தில் ஒதுங்கி உடனே என்ஜினை அணைத்துவிடுக. ஆறுமுன் ரேடியேட்டரின் மூடியைத் திறத்தல் ஒருபோதும் ஆகாது. அம்மூடி உள்ளே அழுத்தத்தைத் தாங்கி நிற்பது. காற்றின் அழுத்தத்தைப்போல் இருமடங்கு அழுத்தத்தில் நீர் 120 பாகையிலேயே கொதிக்கும். மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் நீங்க, நீர் முழுதும் ஒருங்கே பொங்கி முகத்திற் பாயும். சூடேறிய என்ஜினுள் தண்ணீரை உடனே ஊற்றுதலும் இரும்பைப் பிளக்கும்.

பழைய வண்டிகளில் மற்றோர் இடர் உண்டு. பெட்ரோல் குழாயினுள்ளேயே கொதித்து ஆவியாகி வழியை அடைத்துவிடும். அக்காலத்துச் சாரதிகள் ஈரத்துணியைப் பம்பின்மேற் சுற்றி ஆற்றினர். இன்று பம்பு பெட்ரோல் தொட்டியினுள்ளே அமைந்து அழுத்தித் தள்ளுதலின் இவ்விடர் அரிதாயிற்று. பாட்டரியை உண்மையிற் கொல்வதும் வெப்பமே என்பதை அறிதல் நன்று. கோடையில் தகடுகள் அரிக்கப்பட்டு, நீரும் வற்றுகின்றது. சாவோ முதற்குளிரில் வெளிப்படுகின்றது. குளிரின்மேற் பழி விழுகின்றது, குற்றம் கோடையினுடையது.

டயரோ இரு காலத்திலும் வருந்துவது. 20 பாகையிற் சதுர அங்குலத்திற்கு 32 ராத்தல் அழுத்தமுள்ள டயர், உறைநிலைக்குக் கீழ் 20 பாகையில் ஏறக்குறைய 26 ராத்தலாகக் குறையும். வாயுவிதி கற்ற மாணவர் இதனைக் கணக்கிட்டுப் பார்க்க. ஓடிச் சூடான டயரில் அழுத்தம் மிகுந்துளதென்று காற்றை விடுதல் தவறு. ஆறியபின் அது குறைந்த காற்றோடு நிற்கும். குறைந்த காற்றுடைய டயரே வெப்பநாட்டில் மிகச் சூடேறி வெடிப்பது.

5. வண்டி நின்றால்

இதுகாறும் வண்டியின் நலத்தைப் பேசினோம். வண்டி நின்றபின் மனிதனின் நலமே பெரிது.

2020ஆம் ஆண்டின் குளிர்காலத் தொடக்கத்தில், யாகூட்ஸ்கினின்று மகாதான் துறைமுகம் நோக்கி இரண்டு இளைஞர் காரிற் புறப்பட்டனர். கைப்பேசியின் வரைபடம் காட்டிய குறுக்குவழியாகிய பழம்பாதையில் அவர்கள் சென்றனர். வழியில் ரேடியேட்டர் பழுதுற்றது, வண்டி நின்றது, குளிரோ உறைநிலைக்குக் கீழ் 50 பாகையை அடுத்தது. பல நாட்களுக்குப்பின் தேடிச் சென்றோர் ஒருவரையே உயிரோடு கண்டனர். ஆளற்ற பாதை, ஒரே வண்டி, ஒரு சிறு பழுது. உயிர் போவதற்கு வேறொன்றும் வேண்டியதில்லை.

2022ஆம் ஆண்டு ஜனவரியிற் பாகிஸ்தானின் முர்ரீ மலைநகரில் பனிப்புயலிற் சிக்கிய வண்டிகளுக்குள் இருபத்திரண்டு பேர் மாண்டனர். குளிரோடு, என்ஜினின் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடும் அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. அவ்வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இரத்தத்தோடு பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்கிற்கு மேல் வலிமையாகப் பற்றிக்கொள்ளும். பனி புகைக்குழாயை மூடினால் அவ்வாயு வண்டியினுள்ளே புகும். ஆதலின், பனியிற் சிக்கினோர் முதலிற் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றுக. என்ஜினை இடைவிட்டுச் சிறுபொழுதே ஓட்டுக. ஒரு சன்னலைச் சிறிது திறந்து வைக்க. மூடிய கொட்டிலினுள் என்ஜினை ஓட்டுதல் எந்நாட்டிலும் ஆகாது.

வெப்பத்திற்கும் உயிர்ப்பலி உண்டு. வெளியே 22 பாகையேயுள்ள இனிய நாளிலும், வெயிலில் மூடி நிறுத்திய வண்டியினுள்ளே ஒரு மணி நேரத்தில் 47 பாகை வரை ஏறியதை 2005ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. கண்ணாடியைச் சிறிது இறக்கி வைத்தலாற் பயன் மிகச் சிறிதே. குழந்தையை ‘ஐந்து நிமிஷந்தானே’ என்று வண்டியினுள் விட்டுச் செல்லுதல் நம் ஊரிலும் தகாது.

பாலைவனத்திலாயினும் பனிவெளியிலாயினும், வண்டி நின்றால் அதனை விட்டு நடத்தலாகாது என்பதே அறிந்தோர் கூறும் முதல் விதி. வண்டி நிழல் தரும், காற்றைத் தடுக்கும், தேடுவோர் கண்ணுக்கு மனிதனினும் எளிதிற் புலப்படும். ஆகவே, புறப்படுமுன் செல்லும் வழியையும் சேரும் நேரத்தையும் ஒருவரிடம் கூறிச் செல்க. குளிர்நாட்டிற் கம்பளியும் உணவும், வெப்பநாட்டில் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் தண்ணீரும் வண்டியில் வைத்துக்கொள்க.

யந்திரம் நமக்குப் பணிசெய்யும். நம் பொருட்டு முன்கூட்டி எண்ணாது. அப்பணி நம்முடையது. எண்ணெய், நீர், பாட்டரி, டயர் என்னும் நான்கையும் புறப்படுமுன் பார்க்கும் கால்மணி நேரம், வழியிடையே உதவியின்றி நிற்கும் ஓர் இரவைத் தவிர்க்குமாயின், அக்கால்மணி நேரத்தை வீண் என்பார் யார்?